ஒரு வாரத்துச் சீட்டு

எங்கள் வீட்டு நாய் மல்லிக்கு நான் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தேன். மருத்துவர் ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அது. கடைசி இரண்டு நாள் பாதி மாத்திரையாகக் குறைத்து நிறுத்திவிட்டு மறுபடி அழைத்து வாருங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் அழைத்துப் போகவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாத்திரை தீரத் தீர மருந்துக் கடைக்குப் போய் வந்தேன். பிறகு மல்லிக்கு ஏன் இப்படி ஆனது என்று இன்னொரு மருத்துவர் கேட்டபோது பொய் சொன்னேன். இதை எழுத உட்கார்ந்தது அந்தப் பொய்க்காகத்தான். மற்றவற்றைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சமாவது இடம் இருக்கிறது. அதற்கு இல்லை.

மல்லி ராஜபாளையம் நாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் எங்களுக்கு அந்த ஊர் பக்கம். தெரிந்தவர் வீட்டிலிருந்து குட்டியாக வாங்கி வந்தோம். வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, தோலோடு ஒட்டிய குட்டை முடி. அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாய் இனங்களில் இதுவும் ஒன்று. வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. அப்படிப்பட்ட வெள்ளை உடம்பில் சிவப்பு எங்கே இருந்தாலும் கண்ணில் படும். வால் தொடங்கும் இடமும் பின்தொடையும் சிவந்திருந்தது எனக்குத் தெரிந்தது. முன்னங்கால் பாதங்கள் துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்ததும் தெரிந்தது. ஓயாமல் நக்கினால் எச்சிலில் உள்ள நிறமி வெள்ளை முடியில் ஏறி அந்த நிறம் வரும். நான் அதைச் செம்மண் என்று நினைத்தேன். நாய் பாதத்தை நக்குவதும் அரிப்புதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. முகத்தைத் தரையில் தேய்ப்பது, காதை உதறிக்கொண்டே இருப்பது எல்லாம் அதே அரிப்பு.

மார்கழியில் தொடங்கியது. முதுகில் பொடுகு மாதிரி செதில் உதிர்ந்தது. பனிக்காலத்தில் என் கால்களும் வெடிக்கும். ஆகவே இது தோல் வறட்சி என்று நானே முடிவு கட்டினேன். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கித் தடவினேன். எங்கள் அம்மா எங்களுக்குத் தடவியது அது. நாய் தடவியதை நக்கும் என்பதை யோசிக்கவில்லை. கற்பூரம் நாய்க்கு விஷம். அன்று இரவு மல்லி வாந்தி எடுத்தாள். எலும்புத் துண்டு எதையாவது தின்றிருப்பாள் என்று வீட்டில் சொன்னேன். கற்பூரமாக இருக்குமோ என்ற எண்ணம் எனக்கு வந்தது. வந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

எண்ணெய் பலிக்கவில்லை என்றதும் குளிப்பாட்ட ஆரம்பித்தேன். நாங்கள் குளிக்கிற அதே சோப்பு. அரிப்பு கூடக் கூட, குளியலும் கூடியது. ஒருமுறை தரை துடைக்கிற கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்தும் ஊற்றினேன். முடிக்குக் கீழே இருக்கிற நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மிக மெல்லியது. நம் தோல் இயல்பிலேயே சற்று அமிலத் தன்மை உள்ளது. நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலை. மனிதத் தோலுக்கென்று செய்த சோப்பை நாளும் பொழுதும் தேய்த்தால் தோலின் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிற எண்ணெய்ப் படலம் கழன்றுபோகும். தோல் வறளும், செதில் உதிரும், இன்னும் அரிக்கும். மல்லிக்கு வறட்சி இருந்தது உண்மைதான். அதில் பெரும்பங்கு என் கையால் வந்தது.

இரவில்தான் சத்தம் அதிகம். பின்னங்காலால் சொறியும்போது முழங்கால் தரையில் தட்டும். கழுத்துப் பட்டையில் தொங்கும் வளையம் குலுங்கும். அது நின்றால் நக்குகிற சத்தம். காலையில் முதல் வகுப்பு எனக்கு. தூக்கம் இல்லாமல் பிள்ளைகள் முன்னால் நிற்க முடியவில்லை. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தென்னை நிழலில், அவளைக் கட்டிப் போட்டேன். அங்கேயும் சொறிந்திருப்பாள். எங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த வாரம் என் மனைவியிடம், “இப்பப் பரவாயில்லை, குறைஞ்சிருச்சு” என்று சொன்னேன். எனக்குக் குறைந்திருந்தது.

இந்தக் கதை முழுக்க நான் செய்தது இதுதான் என்று பிறகு புரிந்தது. சத்தம் என்னைத் தொந்தரவு செய்தது, சத்தத்தை நிறுத்தினேன். வாடை தொந்தரவு செய்தது, சோப்புப் போட்டேன். உதிர்ந்த முடி நாற்காலியில் ஒட்டியது, நாற்காலிக்கு உறை போட்டேன். அவளுக்கு எங்கே அரிக்கிறது, எதனால் அரிக்கிறது என்று ஒரு நாளாவது முடியை விலக்கிப் பார்க்கவில்லை.

பார்க்கச் சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. ஆடு வளர்க்கும் பக்கத்து வீட்டு அக்கா, சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, “சார், வால்கிட்டயே கடிக்குது பாருங்க, தெள்ளா இருக்கும்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. தெள்ளு என்பது தெரு நாய்க்கும் ஆட்டுக்கொட்டிலுக்கும் உரியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் குளிப்பாட்டுகிற வீடு இது என்று அவரிடம் சொன்னேன். நான் சொன்ன தொனி அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அதன் பிறகு அவர் மல்லியைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

தோல் உரிந்து ஈரமாகத் தொடங்கிய பிறகுதான் முதல் மருத்துவரிடம் போனேன். அவர் வாலடியை விலக்கிப் பார்த்த உடனே தெள்ளு ஒவ்வாமை என்றார். அரிப்பை உடனே அடக்க பிரெட்னிசோலோன் ஒரு வாரத்துக்கு. தெள்ளைக் கொல்ல வாய்வழியாகக் கொடுக்கும் மாத்திரை ஒன்று. வீட்டையும் நாய் படுக்கிற இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். இவ்வளவையும் சொன்னார், எழுதியும் கொடுத்தார். நான் பிரெட்னிசோலோனை மட்டும் வாங்கினேன். தெள்ளு மாத்திரையின் விலை எனக்கு மலைப்பாக இருந்தது என்பது ஒரு காரணம். எங்கள் வீட்டில் தெள்ளு இல்லை என்ற பிடிவாதம் இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று கேட்டால், பிடிவாதம்தான்.

பிரெட்னிசோலோன் வேலை செய்தது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் நாளே மல்லி நிம்மதியாகத் தூங்கினாள். வீட்டுக்குள் கொண்டுவந்தோம். எல்லோரும் தூங்கினோம். வாரம் முடிந்து நிறுத்தியதும் அரிப்பு திரும்பியது. காரணம் அப்படியே இருக்கும்போது திரும்பாமல் என்ன செய்யும்? பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைப் பையன் என் பழைய மாணவன். “சார், அதேதானா?” என்று கேட்டுவிட்டு எடுத்துக் கொடுத்தான். வாத்தியாரைக் கேள்வி கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அந்த மரியாதையை நான் பயன்படுத்திக்கொண்டேன். அந்த மாத்திரை மலிவு. பை நிறைய வாங்கினாலும் கணக்கில் தெரியாது.

இனி எழுதப் போவதுதான் எனக்குக் கடினமானது.

மல்லி தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்க ஆரம்பித்தாள். குட்டியிலிருந்து ஒரு நாளும் வீட்டுக்குள் அசிங்கம் செய்யாதவள், விடிகாலையில் கூடத்தில் சிறுநீர் கழித்தாள். என்னைப் பார்த்ததும் காதை மடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். நான் அதட்டினேன். ஒரு தடவை செய்தித்தாளைச் சுருட்டி அடிக்கவும் செய்தேன். அதற்கும் சரியாகாததால், ராத்திரி எட்டு மணிக்கு மேல் தண்ணீர்ச் சட்டியை எடுத்து மாடத்தில் வைத்துவிடுவது என்று வழக்கமாக்கினேன். பிரெட்னிசோலோன் கொடுத்தால் நாய்க்குத் தாகமும் பசியும் கூடும், சிறுநீர் அதிகமாகப் போகும், மூச்சு வாங்கும். எந்தக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். அடக்கிக்கொள்ள அவளால் முடியாது. முடியாத ஒன்றுக்காக அவளை அடித்தேன். உடம்பு கேட்ட தண்ணீரை மறுத்தேன். கோடைகாலம் அது. காலையில் கதவைத் திறந்ததும் குளியலறை வாளியை நோக்கி ஓடுவாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வயிறு தொங்க ஆரம்பித்தது. வந்தவர்கள், “நல்லா சதை போட்டிருக்கே” என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. தசை கரைந்து, ஈரல் வீங்கி, வயிற்றுச் சுவர் தளர்ந்ததால் வந்த தொப்பை அது. முதுகெலும்பின் இரு பக்கமும் முடி மெலிந்தது. வயிற்றுத் தோல் உள்ளே ஓடும் ரத்தக் குழாய் தெரிகிற அளவுக்குக் காகிதமாக மெலிந்து, கரும்புள்ளிகள் வந்தன. பிறகு முகத்திலும் முன்னங்காலிலும் திட்டுத் திட்டாக முடி கொட்டி, சீழ்க் கொப்புளம் கிளம்பியது. இப்போது அரிப்பும் மாத்திரைக்கு அடங்கவில்லை.

முதல் மருத்துவரிடம் போக முகமில்லை. வேறு ஊரில் இருந்த ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். என் மகளும் கூட வந்தாள். மருத்துவர் நிதானமாக, மூக்கிலிருந்து வால்வரை ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்தார். சாப்பாடு, குளியல், படுக்கை எல்லாம் கேட்டார். “வேற எதாவது மருந்து குடுக்கிறீங்களா சார்?” என்றார்.

“இல்லைங்க டாக்டர்.”

ரத்தம் எடுத்தார். முடிவு வந்த அன்று மறுபடி போனோம். தைராய்டு அளவு குறைவாக இருந்தது. ஈரலோடு தொடர்புடைய ஒரு நொதி பல மடங்கு ஏறியிருந்தது. அவர் காகிதத்தையும் மல்லியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஸ்டீராய்டு மாதிரி எதுவும் குடுக்கலையா?” என்றார். பெயரைச் சொல்லியே கேட்டுவிட்டார். நான் இரண்டாம் முறையும் இல்லை என்றேன்.

ஏன் சொன்னேன்? எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பயமில்லை, அவர் என்னை ஒன்றும் செய்ய முடியாது. மருந்துக் கடைப் பையனைக் காப்பாற்றுவதற்கும் இல்லை. அவன் நினைப்பே எனக்கு வரவில்லை. படித்தவர், ஆசிரியர், நாயைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறவர் என்று அந்த அறையில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதை இழக்க மனமில்லை. அந்த மதிப்புக்கு ஈடாக மல்லியைப் பணயம் வைத்தேன். தைராய்டுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டியிருக்கலாம், அதற்கு முன்னால் இன்னும் சில சோதனைகள் செய்ய வேண்டும் என்று மருத்துவர் பேசிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

“அப்பா, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைச் சொல்லலையா?” என்று என் மகள் கேட்டாள். குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. நான் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தாள். உண்மையை நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள். இதையும் எழுதத்தான் வேண்டும்.

மருத்துவர் திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். ஸ்டீராய்டு நீண்ட நாள் உடம்பில் இருந்தால் ரத்தத்தில் தைராய்டு அளவைத் தாழ்த்திக் காட்டும். சுரப்பியில் நோய் இருக்க வேண்டியதில்லை. அந்த ஈரல் நொதி நாய்களுக்கு ஸ்டீராய்டால் தாறுமாறாக ஏறும். நான் சொன்ன இல்லையை நம்பியிருந்தால், இல்லாத நோய்க்கு மருந்தும், உள்ள நோய்க்கு என் கையால் மாத்திரையுமாக அவளை அனுப்பியிருப்பார்.

பிறகு முகத்தில் ஒரு திட்டைப் பிதுக்கி, மழுங்கிய கத்தியால் லேசாக ரத்தம் கசியும் அளவுக்குச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் எண்ணெய்விட்டு நுண்ணோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். நீண்ட உடலும் முன்பகுதியில் குட்டைக் கால்களுமாக உயிரோடு நெளிந்தன. டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி வகை. பிறந்த முதல் சில நாட்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வரும். ஆரோக்கியமான நாயின் முடிக்குழிகளிலும் சொற்பமாக இருக்கும், ஒன்றும் செய்யாது. உடம்பின் எதிர்ப்புச் சக்திதான் அதைக் கட்டி வைத்திருக்கிறது. ஸ்டீராய்டு அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. மார்கழியில் அவளுக்கு இந்த நோய் இல்லை. இதை நான்தான் கொடுத்தேன்.

அங்கேயே மாத்திரையை அடியோடு நிறுத்திவிடுகிறேன் என்றேன். கூடாது என்றார். வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்ததால், சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்து சுருங்கியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் நாய் வாந்தி எடுத்து, நிலைகுலைந்து விழும், செத்தும் போகலாம். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, வாரக்கணக்கில் இழுத்து நிறுத்தினோம். நான் வாங்காமல் விட்ட அதே வகைத் தெள்ளு மாத்திரையைத்தான் அவரும் எழுதினார். ஃப்ளுராலானர், அஃபோக்சோலானர் முதலான அந்த வகை மருந்துகள் தெள்ளையும் கொல்லும், உண்ணியையும் கொல்லும், டெமோடெக்ஸையும் அடக்கும். முதல் நாளே வாங்கியிருந்தால் மற்றது எதுவுமே நடந்திருக்காது.

தெள்ளு இருந்ததா என்ற என் பழைய சந்தேகத்தையும் அவர் தீர்த்துவைத்தார். நெருக்கமான சீப்பால் வாலடியைச் சீவி, விழுந்த கருந்தூளை நனைந்த வெள்ளைப் பஞ்சில் தட்டினார். தூளைச் சுற்றிப் பஞ்சு செம்பழுப்பாக ஊறியது. அது தெள்ளின் கழிவு, அதாவது மல்லியின் ரத்தம். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், தெள்ளின் எச்சில் உடம்பு முழுக்க அரிப்பை மூட்டிவிடும். நக்கியும் கடித்தும் நாயே பூச்சியை விழுங்கிவிடுவதால் பல நேரம் பூச்சி கண்ணில் படாது. நாயின் மேல் இருக்கும் வளர்ந்த தெள்ளு மொத்தத்தில் சுமார் 5 விழுக்காடுதான்; மீதி முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாக வீட்டிலும் மண்ணிலும் கிடக்கும். புழுவுக்கு வெயில் ஆகாது. நிழலும் ஈரமும் உள்ள மண்தான் அதற்கு வாழ்விடம். துவைக்கிற கல்லடி, தென்னை நிழல். தூக்கம் கெடுகிறதென்று நான் அவளைக் கட்டிப்போட்டது அந்த இடத்தில்தான்.

மாதங்கள் ஆயின. மண்ணைக் கிளறி வெயில் காட்டினோம். சாக்கு, பழைய போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்தோம். கட்டில் அடி, சுவர் இடுக்கு என்று என் மனைவி ஒன்றும் விடவில்லை. குளோர்ஹெக்சிடின் கலந்த நாய் ஷாம்பூவைத் தேய்த்து, பத்து நிமிடம் ஊற விட்டுக் கழுவினோம். அந்தப் பத்து நிமிடம் முக்கியம். உடனே கழுவினால் மருந்து தண்ணீரோடு போய்விடும். சுடுநீர் கூடாது, வெதுவெதுப்பே அதிகம். சோற்றில் உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்து முள் எடுத்த மத்தி மீனைப் பிசைந்து கொடுக்கச் சொன்னார். மீனெண்ணெயில் உள்ள ஒமேகா-3 தோலுக்கு உள்ளிருந்து உதவும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டிப் பார்த்தும் டெமோடெக்ஸ் இல்லை என்று ஆன பிறகே மருத்துவர் நிம்மதியானார்.

எல்லா நாய்க்கும் தெள்ளுதான் காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காது ஓரமும் முழங்கையும் அரித்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் தடிப்பு வந்தால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். பாதம், அக்குள், காது என்று சிறு வயதிலேயே தொடங்கினால் தூசி, மகரந்த ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒக்லாசிட்டினிப் போல, ஸ்டீராய்டு அல்லாத மருந்துகளும் இன்று உண்டு. சாப்பாடு ஒத்துக்கொள்ளாமலும் அரிக்கும், பூஞ்சையாலும் அரிக்கும். வறட்சி என்று நமக்குக் கண்ணில் படுவது இவற்றில் எதன் விளைவாகவும் இருக்கலாம். எது என்று சுரண்டிப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவரிடம் உண்மையைச் சொல்ல நாம் வேண்டும்.

மல்லிக்கு இப்போது முடி வந்துவிட்டது, இடது கண்ணுக்குக் கீழே ஒரு திட்டைத் தவிர. அங்கே இனி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொன்னேன். மருந்துக் கடைப் பையனிடமும் போய், இனி யார் பழைய சீட்டோடு வந்தாலும், வாத்தியாராகவே இருந்தாலும், கொடுக்காதே என்று சொன்னேன்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் நாய்க்கு எழுதிய பழைய சீட்டு ஒன்று இருக்கலாம். அதை எடுத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்தவரிடமே போங்கள். எத்தனை நாள் கொடுத்தீர்கள், வேறு என்னென்ன தடவினீர்கள் என்று அவர் கேட்பார். உள்ளபடி சொல்லிவிடுங்கள். நாய் எதையும் சொல்லப் போவதில்லை.